முன்பாரம், பின்பாரம்

அண்ணன் மகள் ஏரோநாட்டிகல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரமாகப் பார்த்து போன் செய்தாள். "சித்தப்பா, பயணிகள் விமானத்துல எரிபொருளை எப்படி மிச்சம் பிடிக்கிறதுன்னு ஒரு ப்ராஜெக்ட். நீங்க ஏர்போர்ட்லதானே இருந்தீங்க?"

இருந்தேன். மீனம்பாக்கத்தில் 1993இலிருந்து 29 வருடம். ஆனால் நான் இன்ஜினீயரும் இல்லை, பைலட்டும் இல்லை. லோடு கண்ட்ரோல். விமானத்தில் எவ்வளவு எடை ஏறுகிறது, எந்த இடத்தில் ஏறுகிறது என்று கணக்குப் போட்டு, ஒரு தாளில் கோடு இழுத்து, கேப்டனிடம் கையெழுத்து வாங்குகிற வேலை. அந்தத் தாளுக்கு ட்ரிம் ஷீட் என்று பெயர். எனக்குப் பெண் பார்க்கப் போனபோது இந்த வேலையை விளக்கத் தெரியாமல் அப்பா, "பையன் ப்ளேனுக்கு எடை போடறான்" என்றார். அவர்கள் ஏதோ புரிந்துகொண்டு பெண் கொடுத்தார்கள்.

அண்ணன் மகள் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். ஹைட்ரஜன் விமானம், பேட்டரி விமானம், இறக்கையும் உடலும் ஒன்றாகிப்போன திருக்கை மீன் மாதிரி ஒரு விமானம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். பிறகு நான் சொன்னது என் தாத்தாவின் மாட்டுவண்டியைப் பற்றி. ஒரு நிமிடம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தூக்கக் கலக்கத்தில் உளறுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

தாத்தா செய்யாறு பக்கம் நெல் மூட்டை ஏற்றி மில்லுக்கு வண்டி அடித்தவர். மூட்டைகளை ஏற்றி முடித்ததும் மாட்டைப் பூட்டமாட்டார். முதலில் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். கனமாக இருந்தால் முன்பாரம். மாட்டின் கழுத்தில் போய் உட்காரும், பாதி வழியிலேயே மாடு நுரை தள்ளும். தூக்காமலே மேலே எழும்பினால் பின்பாரம்; பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். இரண்டு விரலால் தூக்கும் அளவு கனம் முன்னால் இருக்கவேண்டும். அது வரும்வரை ஒரு மூட்டையை முன்னே தள்ளு, பின்னே இழு என்று ஆளை விடமாட்டார். மூட்டை அதேதான், மாடும் அதேதான். வைக்கிற இடம் மாறினால் மாடு தின்கிற பருத்திக்கொட்டையின் அளவு மாறும் என்பார்.

விமானத்திலும் இதேதான். இறக்கை மேலே தூக்கும் புள்ளிக்கு முன்னால் எடை அதிகமாக இருந்தால் மூக்கு கீழே சாயப் பார்க்கும். சாயாமல் இருக்க, வாலில் இருக்கும் சின்ன இறக்கை வாலைக் கீழே அழுத்திப் பிடிக்கும். அந்த அழுத்தமும் ஒரு பாரம்தான். யாரும் டிக்கெட் வாங்காத, எந்தப் பெட்டியிலும் இல்லாத பாரம். அதையும் சேர்த்துத்தான் பெரிய இறக்கை தூக்கவேண்டும். எடையைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் வால் அழுத்தவேண்டிய அளவு குறையும், எரிபொருளும் குறையும். ரொம்பவும் தள்ளினால் விமானம் சொன்ன பேச்சுக் கேட்காது. இன்னும் மோசம், தரையில் நிற்கும்போதே பின்பக்கம் குந்திவிடும்.

இது புரிந்த நாளிலிருந்து ஏர்பஸ் ஏ320இல் பெட்டிகளை முடிந்தவரை பின்னால் ஏற்றச் சொல்வேன். அந்த விமானத்தில் முன்னால் ஒன்றாம் ஹோல்டு (பெட்டிகள் ஏற்றும் சரக்கு அறை), பின்னால் மூன்று, நான்கு, கடைசியில் ஐந்து. (இரண்டாம் ஹோல்டு எங்கே என்று புதிதாக வருகிற ஒவ்வொரு பையனும் கேட்பான். கிடையாது.) லோடர்கள் திட்டுவார்கள். ஐந்தாம் ஹோல்டில் குனிந்து, கிட்டத்தட்டத் தவழ்ந்து ஏற்றவேண்டும். "அண்ணே, முன்னாடி அவ்வளவு எடம் காலியா கெடக்கு, எங்களை ஏன் பொந்துக்குள்ள வுடுறீங்க?" என்பார்கள். நான் எரிபொருள் மிச்சம் பற்றி ஒரு பிரசங்கம் செய்வேன். ஏழெட்டு வருடம் இப்படிப் பெருமையாக ஓடியது. ஒரு பயிற்சி வகுப்பில்தான் உண்மை தெரிந்தது: ஏ310, ஏ330 போன்ற பெரிய விமானங்களில் இந்த மிச்சம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு உண்டு. அதற்காகவே அவற்றின் வால் இறக்கைக்குள் ஒரு எரிபொருள் தொட்டி வைத்து, பறக்கும்போதே எரிபொருளைப் பின்னால் அனுப்பிப் பின்பாரம் ஏற்றுகிறார்கள். ஏ320இல் அது மிகமிகச் சொற்பம். வகுப்பிலிருந்து திரும்பி வந்து லோடர்களிடம் நான் இதைச் சொல்லவில்லை.

சரி, வைக்கிற இடத்தில் பெரிதாக மிச்சம் இல்லை என்றால் மொத்த எடையில்தான் பார்க்கவேண்டும். எங்கள் கைக்கணக்கு இது: ஒரு டன் கூடுதல் எடையை ஒரு மணி நேரம் சுமந்தால் ஏறக்குறைய 30 கிலோ எரிபொருள் அதற்கென்றே எரியும். ஒரு கிலோ எரிந்தால் மூன்று கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. 30 கிலோ சின்னதாகத் தெரியும். ஒரு விமானம் ஒரு நாளில் 12 மணி நேரம் பறக்கிறது, வருடம் முழுக்கப் பறக்கிறது என்று பெருக்கிப் பார்த்தால் 130 டன்னைத் தாண்டும். ஒரே விமானத்துக்கு.

அதனால்தான் நிறுவனங்கள் கிராம் கணக்குப் பார்க்கின்றன. ஏ320இன் குடிநீர்த் தொட்டி 200 லிட்டர். பெங்களூரு போய் இறங்குவதற்குள் யார் 200 லிட்டரில் கை கழுவப் போகிறார்கள்? பாதி நிரப்பினால் 100 கிலோ குறைந்தது. பைலட்டுகள் ஒரு காலத்தில் 16 கிலோ பையில் வரைபடங்களையும் கையேடுகளையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2013இல் அதை ஐபேடுக்கு மாற்றியபோது வருடத்துக்கு 4 லட்சம் காலன் எரிபொருள் மிச்சமாகும் என்று கணக்குச் சொன்னது. இந்த இடத்தில் யாராவது ஒருவர் ஆலிவ் கதையை எடுத்துவிடுவார். அதே நிறுவனத்தின் தலைவர் ராபர்ட் கிராண்டல் 1987இல் சாலட்டிலிருந்து ஒரே ஒரு ஆலிவ் காயை எடுக்கச் சொல்லி 40,000 டாலர் மிச்சம் பிடித்தார் என்ற கதை. அது சாப்பாட்டுச் செலவில் பிடித்த மிச்சம், எடையில் இல்லை. வாட்ஸப்பில் வருகிற எல்லா ஆலிவையும் நம்பாதீர்கள்.

ஆனால் விமானத்தில் ஏறுகிற சரக்கிலேயே பெரிய பாரம் எது தெரியுமா? பயணி இல்லை, பெட்டி இல்லை. நீண்ட தூரம் போகிற விமானங்களில் எரிபொருள்தான். எரிபொருளைச் சுமக்க எரிபொருள் எரிகிறது. தண்ணீர் லாரி ஓடுவதற்கு டீசல் எரிவதைப் போல, ஆனால் இங்கே லாரியே டீசலைத்தான் ஏற்றிக்கொண்டு போகிறது.

இதை எனக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தது போர்ட் பிளேர் விமானம். (2024இல் ஊர் பெயர் ஸ்ரீ விஜய புரம் ஆகிவிட்டது. என் ட்ரிம் ஷீட்டுகளில் எல்லாம் பழைய பெயர்தான்.) சென்னையிலிருந்து சுமார் 1,370 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். போவதற்கு ஏறத்தாழ 5 டன் எரிபொருள் போதும். ஆனால் அங்கே மழை பிடித்துக்கொண்டு இறங்க முடியாமல் போனால்? ஐதராபாத்தில் இறங்க முடியாவிட்டால் பெங்களூரு இருக்கிறது. அந்தமானைச் சுற்றிக் கடல்தான் இருக்கிறது. அதனால் திரும்ப இங்கே வந்து இறங்குவதற்கான எரிபொருளையும் போகும்போதே கட்டிக்கொண்டு போகவேண்டும். அதற்கு மேல் அரை மணி நேரம் வட்டமடிக்க ஒரு டன்னுக்குச் சற்று அதிகம், எதிர்பாராததற்குக் கொஞ்சம், ஓடுபாதைக்கு உருண்டு போக 200 கிலோ. ஆக மொத்தம் பதினொன்றரை டன்னை ஒட்டி வரும். திரும்பி வர வைத்திருக்கும் அந்த ஐந்து டன்னைச் சும்மா சுமந்துபோவதற்கே 300 கிலோ எரிந்துவிடும்.

இத்துடன் முடியவில்லை. அங்கே இறங்கும்போதும் அந்தத் திரும்புகிற எரிபொருள் தொட்டியிலேயே இருக்கும். எங்கள் ஏ320 ரக விமானம் 64.5 டன்னுக்கு மேல் இறங்கக் கூடாது. காலி விமானம், ஊழியர், சாப்பாடு எல்லாம் சேர்த்து 43 டன். 170 பயணிகள், கைப்பையோடு சேர்த்துப் பெரியவர் ஒருவருக்கு 75 கிலோ என்பது விதி. பெட்டிகள் இரண்டரை டன். காய்கறிக் கூடைகள் 400 கிலோ. இறங்கும்போது மிஞ்சும் எரிபொருள் 6.3 டன். கூட்டினால் 65. அரை டன் கூடுதல். யாரை இறக்குவது?

முதலில் காய்கறி இறங்கும். அப்புறம் பெட்டிகள்.

ஒரு மே மாதக் கடைசி. அந்தமானில் பருவமழை தொடங்கிவிட்டது. காய்கறி முழுக்க இறக்கியும் 100 கிலோ குறைக்கவேண்டியிருந்தது. எட்டுப் பெட்டிகளை இறக்கினோம், கடைசியாக வந்த எட்டு. அதில் ஒரு அட்டைப்பெட்டி டேபிள் டாப் கிரைண்டர், 14 கிலோ. அதன் சொந்தக்காரம்மா அந்தமானில் இருக்கும் ரங்கத்திலிருந்து மகள் பிரசவத்துக்காக வந்துவிட்டுத் திரும்புகிறவர். வெயிட்டிங் ஹாலிலிருந்து அவரை அழைத்துச் சொன்னபோது, "உங்க எண்ணெய்க்கு எடம் இருக்கு, என் கிரைண்டருக்கு எடம் இல்லையா?" என்று கேட்டார். நான் நுகத்தடி, முன்பாரம் எதுவும் சொல்லவில்லை. "நாளைக்கு அனுப்பிடறேம்மா" என்றேன். "நாளைக்குன்னா என்னைக்கு?" என்றார். அரசு அலுவலகங்களுக்கு நிறைய நடந்தவர் போல.

இந்த எண்ணெய் விவகாரத்தில் இன்னொரு கூத்து உண்டு. அதில் மழைக்குச் சம்பந்தமில்லை, வரிக்குத்தான் சம்பந்தம். விமான எரிபொருள் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் வாட் வரி 1 சதவீதத்திலிருந்து 30 சதவீதம் வரை ஏறி இறங்கியது. தமிழ்நாட்டில் பல வருடம் 29 சதவீதம். விலை குறைந்த ஊரில் தொட்டியை நிரப்பிக்கொண்டு, விலை அதிகமான ஊரில் ஒரு சொட்டும் வாங்காமல் திரும்பிவிடுவார்கள். இதற்கு டேங்கரிங் என்று பெயர். பக்கத்து மாநிலத்தில் பெட்ரோல் மலிவு என்று எல்லையில் இருப்பவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போவதைப் போலத்தான். பணக்கணக்கில் லாபம். எரிபொருள் கணக்கில் சுத்த நஷ்டம், இரண்டு மூன்று டன்னைத் தேவையில்லாமல் ஆகாயத்தில் ஊர்வலம் விடுகிறோம். ஐரோப்பாவிலும் இதே கதைதான். 2019இல் அங்கே விமானப் போக்குவரத்தை ஒருங்கிணைக்கும் யூரோகண்ட்ரோல் அமைப்பு போட்ட கணக்கில், டேங்கரிங்கால் மட்டும் அங்கே வருடத்துக்குச் சுமார் 9 லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடு கூடுதலாக வெளியேறியது. இப்போது அங்கே, கிளம்புகிற விமான நிலையத்திலேயே விமான நிறுவனம் தன் தேவையில் 90 சதவீதத்தை வாங்கவேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. நம் ஊரில் வரியைச் சமன் செய்தாலே போதும், ஒரு திருகாணி கூட மாற்றாமல் எரிபொருள் மிச்சமாகும். இதை ப்ராஜெக்டில் எழுது என்றேன். "அது இன்ஜினீயரிங் இல்லையே சித்தப்பா" என்றாள். ஆமாம், இல்லைதான்.

இன்ஜினீயரிங் சாதனைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது வந்துகொண்டிருந்த போயிங் 737-200இன் இன்ஜின் சுருட்டு மாதிரி ஒல்லியாக இருக்கும், காதைக் கிழிக்கும். உள்ளே நெருப்புக்குள் போகிற காற்றும், அதைச் சுற்றிச் சும்மா தள்ளப்படுகிற காற்றும் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று. கொஞ்சம் காற்றை வெறிகொண்டு தள்ளுவதைவிட நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளினால் எரிபொருள் குறையும். அதனால் முன்னால் இருக்கும் விசிறி வருடத்துக்கு வருடம் பெருத்தது. ஏ320இன் சிஎஃப்எம் இன்ஜினில் அந்த விகிதம் ஆறை ஒட்டி வந்தது. அதன் புதிய ரகமான ஏ320நியோவின் இன்ஜின்களில் 11, 12. பிராட் அண்ட் விட்னி இன்ஜினில் நடுவில் ஒரு பல்சக்கரப் பெட்டி வைத்து, பின்னால் டர்பைன் தன் வேகத்தில் சுற்ற, முன்னால் 2 மீட்டர் விசிறி அதில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் சுற்றுமாறு செய்துவிட்டார்கள். ஜனவரி 2016இல் லுஃப்தான்சாவுக்கு முதல் நியோ போனது. பழைய இன்ஜினைவிட எரிபொருள் 15 சதவீதம் குறைவு என்றார்கள். நியோ முதன்முதலில் எங்கள் பக்கம் வந்தபோது நான் பார்த்தது அதன் காலி எடையை. பழையதைவிட ஒன்றரை டன்னுக்கு மேல் அதிகம்! அவ்வளவு பாரத்தையும் தூக்கிக்கொண்டு எரிபொருளையும் மிச்சம் பிடிக்கிறது என்றால் அந்த இன்ஜினுக்கு ஒரு கும்பிடு.

இறக்கை நுனி மேலே வளைந்திருக்கிறதே, அதுவும் அப்படித்தான். இறக்கைக்கு அடியில் இருக்கும் அழுத்தக் காற்று நுனியைச் சுற்றி மேலே ஓடிச் சுழலாகிறது, அந்தச் சுழல் விமானத்தைப் பின்னால் இழுக்கிறது. 1973 எண்ணெய் நெருக்கடி முடிந்த கையோடு நாசாவின் ரிச்சர்ட் விட்கோம் இந்த நுனி மடலைச் சோதித்து, 1976இல் முடிவுகளை வெளியிட்டார். ஏ320இன் மடல் 2.4 மீட்டர் உயரம், நீண்ட தூரத்தில் 4 சதவீதம் வரை மிச்சம். குறைந்த தூரத்தில் அவ்வளவு வராது, ஏனென்றால் அதற்கும் எடை இருக்கிறது. பார்த்தீர்களா, சுற்றி வந்து அதே இடத்தில் நிற்கிறேன்.

எடையைப் பற்றிச் சொல்ல இன்னொன்று இருக்கிறது. எடையைக் குறைப்பதைவிடக் கஷ்டம், எடையைச் சரியாகச் சொல்வது. விமானம் கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே இவ்வளவு பேர், இவ்வளவு பெட்டி வரும் என்று உத்தேசமாக ஒரு எண் கொடுத்து எரிபொருள் கணக்குப் போடுவார்கள். எண் கொடுப்பவர் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு டன் கூட்டுவார். கணக்குப் போடுபவர் எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் கூட்டுவார். கேப்டன் கடைசியில் எரிபொருள் லாரியோடு நிற்கும் பவுசர்காரரைக் கூப்பிட்டு, "இன்னும் ஐந்நூறு போடு" என்பார். சாம்பாருக்கு வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு கை உப்புப் போட்ட கதை. கேப்டனை நான் குறை சொல்லமாட்டேன், மேலே போய் மாட்டிக்கொள்பவர் அவர். கீழே இருக்கிற நாங்கள் சரியான எண்ணைச் சரியான நேரத்தில் கொடுத்தால் அவர் கூட்டவேண்டிய அவசியமே பாதி நாள் இருக்காது.

எண் தப்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனில் ஒரு கதை உண்டு. 2020 ஜூலையில் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்குப் போன ஒரு போயிங் 737இல், பெயருக்கு முன்னால் 'மிஸ்' என்று போட்டிருந்த 38 பெண்களைக் கணினி குழந்தைகள் என்று எடுத்துக்கொண்டது. அந்த மென்பொருளை எழுதிய நாட்டில் மிஸ் (Miss) என்றால் சிறுமி, Ms என்று போட்டால்தான் பெண்மணி. தாளில் இருந்ததைவிட விமானம் 1,200 கிலோவுக்கு மேல் கனமாகக் கிளம்பியது. ஒன்றும் ஆகவில்லை. எங்களுக்கு இதற்கு நேர்மாறாக நடக்கும். பள்ளிக்கூடச் சுற்றுலா வரும். 12 வயது முடிந்துவிட்டால் விதிப்படி பெரியவர், 75 கிலோ. வந்து நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தால் 40 கிலோ தேறாது. இல்லாத நான்கு டன்னுக்கு எரிபொருள் போட்டுப் பறக்கும் அந்த விமானம். விமானத்தில் ஏற்றுகிற எல்லாவற்றையும் எடை போடுகிறோம், ஆளைத் தவிர. ஏர் நியூசிலாந்து 2023இல் பயணிகளைத் தராசில் ஏற்றிச் சராசரி எடுத்தது, அடுத்த வருடம் ஃபின்ஏர். நம் ஊரில் கல்யாண சீசனில் யாராவது தராசைக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள்.

அண்ணன் மகள் கடைசியாக, "அப்ப எதிர்காலம் எதுல இருக்கு?" என்று கேட்டாள். திருச்சிக்கும் சேலத்துக்கும் போகிற, இறக்கையில் விசிறி சுற்றுகிற ஏடிஆர் விமானத்தைச் சொன்னேன். அவளுக்கு ஏமாற்றம். அந்த மாதிரிக் குறைந்த தூரத்துக்கு, சீட்டுக்குச் சீட்டு கணக்குப் பார்த்தாலும் ஜெட்டைவிட எரிபொருள் குறைவு, பத்துப் பதினைந்து நிமிடம்தான் அதிகம். ஆனால் படிக்கட்டில் ஏறும்போதே அந்த விசிறியைப் பார்த்துவிட்டு, "என்ன, பழைய காலத்து ப்ளேன் விட்டிருக்கான்" என்று முணுமுணுக்காத பயணியை நான் பார்த்ததில்லை.

அந்தப் போர்ட் பிளேர் விமானத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். காலையில் கிளம்பிப் போனது. அங்கே மேகம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் வட்டமடித்துப் பார்த்துவிட்டு, கேப்டன் திருப்பிவிட்டார். நாலரை மணி நேரம் கழித்து 170 பேரும் மறுபடி மீனம்பாக்கத்தில். நான் கஞ்சத்தனமாகக் கணக்குப் பார்த்த அந்த ஐந்து டன்னில்தான் திரும்பி வந்து சேர்ந்தார்கள்.

பயணிகள் கவுண்டரைச் சூழ்ந்துகொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். ரங்கத்து அம்மா மட்டும் கத்தவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, நான் திரும்பி வந்துட்டேன். என் கிரைண்டர் எங்க?"

ஆபீஸ் மூலையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அட்டைப்பெட்டியின் கயிறு சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

மறுநாள் காலை விமானத்தில் ஐந்தாம் ஹோல்டில் முதலில் ஏறியது அதுதான்.